சிவப்புப் புடவையும் தண்டவாளத் துண்டும்

எனக்கு வயது முப்பத்தொன்று. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் வங்கியில் ஒரு படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘ஓய்வு’ என்று எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார். வேகமாகப் போவதுதான் என் வேலையாக இருந்தது. அதற்கு வலது தோள் வேண்டும். என் வலது தோளில் இப்போது ஒரு தகடும் ஆறு திருகாணியும் இருக்கின்றன. விஷயம் அவ்வளவுதான்.

இதை எழுதச் சொன்னவள் விமலா, என் அத்தை மகள், இருபத்திரண்டு வயது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி வாங்கி வந்து காட்டினாள். படகிலோ பைக்கிலோ ஒட்டிவிட்டால் போதுமாம், சாட்டிலைட்டைப் பிடித்து எந்த இடத்தை எந்த நொடியில் தாண்டினோம் என்று அதுவே சொல்லிவிடுமாம்.

“இனிமே க்ரோனோ வாணாம்க்கா. மியூசியத்துல குடுத்துடலாம்” என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “நாலு மாசமா ஓட்டிப் பாக்குறேன். உன் நாப்பத்தொம்பது பக்கத்துலகூடப் போவ முடியல. நீ எப்பிடித்தான் போனே? நம்மகூட ஞாயித்துக்கிழமை ஓட்டுற பசங்க எல்லாம் கேக்குதுங்க. நாம வருஷா வருஷம் போடற மலர்ல எழுதிக் குடேன்.”

சரி என்றேன். ஆனால் நாற்பத்தொன்பது எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

வேகப் பைத்தியம் எங்களுக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் மில்லில் ஃபிட்டர். சங்கு ஊதியதும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். இவர் சைக்கிளை மிதித்துக் கடலூர்ப் பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார், நேரத்தைக் குறித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அத்தை, வேகத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோனாள். இளையவர் அப்பா, முதலில் பைக், அப்புறம் அக்கா போன இடமெல்லாம் நானும் போவேன் என்று படகு.

க்ரோனோ என்பது ஒரு கைக்கடிகார வகை, கையில் கட்டுவதல்ல, கையில் பிடிப்பது. பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் விளையாட்டு வாத்தியார் ஒருவர் வைத்திருந்தது, பழுதாகித் தாத்தா கைக்கு வந்து, பழுது நீங்கி, திரும்பிப் போகவே இல்லை. அதில் ஒரு நொடிக்கு ஐந்து கோடு. அதனால் எங்கள் வீட்டில் யாரும் புள்ளி வைத்து நேரம் சொல்ல மாட்டோம். “அம்பத்திமூணு, ரெண்டு கோடு” என்போம்.

தாத்தா போட்ட சட்டம் ஒன்றுதான். யாருடைய ரெக்கார்டை உடைக்கப் பார்க்கிறோமோ அவர்தான் க்ரோனோவைப் பிடிக்க வேண்டும். “தோக்கப் போறவன் கையில குடு. அவனே ஒத்துக்கிட்டா அப்புறம் எவன் பேசுவான்?” என்பாராம். க்ரோனோ பிடித்தவர் சொன்ன நேரம் நின்றது நின்றதுதான். பிடித்தவரே நினைத்தாலும் பிறகு மாற்ற முடியாது.

என் படிப்பையும் பயிற்சியையும் நான்கு வரியில் முடித்துவிடுகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமா. சென்னைக்குப் பக்கத்தில் பைக் தயாரிக்கிற கம்பெனியில் டெஸ்ட் ரைடர், ஆறு வருஷம். புது வண்டியை வட்டப்பாதையில் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து எந்த இடத்தில் எது நடுங்குகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் காலாப்பட்டில் இறங்குவேன், ஞாயிறு முழுக்க வீட்டு ரெக்கார்டுகளுக்கு, திங்கள் விடியற்காலை பஸ் திரும்ப.

அப்பாவின் தரை ரெக்கார்டை நான் உடைத்தது இருபத்திரண்டு வயதில். காலாப்பட்டைத் தாண்டி ஒரு மனைப் பிரிவு. வாசலில் பெரிய வளைவு, கலர் கலராய்க் கொடி, உள்ளே ஒரு வீடுகூட இல்லாமல் அரை கிலோமீட்டருக்குத் தார் ரோடு. சொந்தக்காரர் அப்பாவின் ஒர்க்ஷாப்பில் எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர், கேட்டைப் பூட்டிச் சாவியையே கொடுத்துவிட்டார். அப்பா கடைசிக் கோட்டில் நின்றார். நான் தாண்டித் திரும்பி வந்தபோது க்ரோனோவைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னாப்பா?”

“ஓடுதான்னு பாக்குறேன்.”

“எவ்ளோன்னு சொல்லு.”

“இன்னொரு தபா ஓட்டு. வெயிலு கண்ணுல பட்டுது.”

இன்னொரு தடவை ஓட்டினேன். இந்தத் தடவை இன்னும் இரண்டு கோடு குறைவு. அப்பா என் ஹெல்மெட்டைக் கழற்றி, தான் மாட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்து சொன்னார்: “ஜெயிச்சிட்டே. நான் அழுவறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லாதே.”

தரை முடிந்தது. தண்ணீரில்தான் மாட்டிக்கொண்டேன்.

வீராம்பட்டினத்துக் கரையை ஒட்டி, அலை உடைகிற இடத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டர். இரண்டு முனையிலும் மணலில் முன்னும் பின்னுமாய் இரண்டு மூங்கில் நட்டிருக்கும். இரண்டு மூங்கிலும் ஒன்றின் மேல் ஒன்று தெரியும்படி நின்று பார்த்தால் கடலில் ஒரு நேர்கோடு கிடைக்கும். படகின் மூக்கு அந்தக் கோட்டைத் தொட்டால் கணக்கு. ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் வலையும் வராது, படகும் வராது.

வடக்கு முனை தொடக்கம். அங்கே ஒருவர் நீளக் கழியில் சிவப்புப் புடவையைத் தூக்கிப் பிடித்திருப்பார். படகு கோட்டைத் தொட்டதும் புடவையைக் கீழே போடுவார். பக்கத்தில் இன்னொருவர், பள்ளிக்கூட மணி மாதிரி கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அந்தக் கணமே சுத்தியலால் அடிப்பார். டண் என்று தென்முனை வரைக்கும் கேட்கும். தென்முனையில் நிற்பவர் க்ரோனோவை அமுக்குவார்.

எதைப் பார்த்து? இதுதான் முக்கியம். புடவையைப் பார்த்து. தண்டவாளம் வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களுக்காக. படகு கிளம்பிவிட்டது, பீடியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார் என்று சொல்வதற்காக. புடவை விழுவது கண்ணுக்கு உடனே தெரியும். சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடந்துவர ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். சத்தத்தைக் கேட்டு அமுக்கினால் படகோட்டிக்கு மூன்று நொடி இனாம். எங்கள் வீட்டில் குழந்தைக்கே இது தெரியும்.

அத்தை கல்யாணத்துக்கு முன்னால் போன நேரம், ஐம்பத்திநாலு. பல வருஷம் கழித்து அப்பா போனது, ஐம்பத்திரண்டு, கோடுகூட இல்லாமல் முழுசாக. அன்றைக்கு க்ரோனோ பிடித்தது அத்தை. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா ஈரச் சட்டையோடு தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு தகரப் பலகை வைத்து, தன் பெயரையும் 52 என்பதையும் பெயின்டால் தானே எழுதினார். 2 கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

நான் அந்த ஐம்பத்திரண்டை உடைக்க ஐந்து வருஷம் ஓட்டினேன். அப்பாதான் சொந்தக்காரர், அப்பாதான் க்ரோனோ. முதல் தடவை ஐம்பத்திமூன்று, மூன்று கோடு. அடுத்து ஐம்பத்திமூன்று. எஞ்சினைக் கழற்றினேன், புரொப்பெல்லரை மாற்றினேன், நானே மூன்று கிலோ இளைத்தேன். ஐம்பத்திரண்டு, மூன்று கோடு. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. நான் கரைக்கு வருவதற்குள் அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு கத்துவார்.

“தோத்துட்டே. மூணே கோடு. ஒரு தும்மல் தும்முற நேரம்.”

“கொஞ்சம் துக்கமாச் சொல்லலாம்ல?”

“எனக்கு ஏது துக்கம்? நான் இன்னைக்கும் ராஜா.”

அப்புறம் கம்பெனிப் பாதையில் விழுந்தேன். வண்டியில் தப்பில்லை. என் கணக்கில்தான் தப்பு, வளைவில் அரை நொடி முன்னாடி முறுக்கிவிட்டேன். தோள்பட்டை எலும்பு மூன்று துண்டு. டாக்டர் பைக் என்ற வார்த்தையைச் சொன்னாலே தலையை ஆட்டினார். “தண்ணியில?” என்று கேட்டேன். கேட்டதற்கே அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். படகில் எஞ்சின் பிடி இடது கை வேலை, வலது கை சும்மா பிடித்துக்கொள்ளத்தான் என்று நடித்துக் காட்டினேன். “எட்டு மாசம் கழிச்சு. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் இந்தத் தோளை வச்சுத் தலை சீவுறதோட நிறுத்திக்கணும்” என்றார்.

ஆக எனக்குப் பாக்கி இருந்தது ஒரே ஒரு ஓட்டம்.

எட்டு மாசம் கட்டிலில் சும்மா கிடக்க என்னால் ஆகாது. அப்பாவின் அந்த நாளை, எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் படம் பிடித்திருந்தார். பழைய டேப்பைத் தேடி எடுத்து, பென் டிரைவில் ஏற்றி வாங்கினேன். அப்பா அலையை எந்தக் கோணத்தில் வெட்டினார் என்று பார்ப்பதற்காகத்தான். பார்த்தால் பாதிப் படத்துக்கு அப்பாவே இல்லை. கல்யாண வீட்டுப் பழக்கம், பக்கவாட்டில் நின்று அத்தையின் முகத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்திருக்கிறார். அத்தை க்ரோனோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்து நிற்கிறாள். அவள் மூக்கு நுனிக்கு அப்பால், வெகு தூரத்தில், கடுகளவு சிவப்பு.

சிவப்பு விழுந்தது. அத்தையின் விரல் அசையவில்லை.

டண் என்றது. விரல் அமுங்கியது.

நிறுத்தித் திரும்பப் போட்டேன். இன்னும் கிட்டத்தில் பார்த்தேன். அத்தையின் கண் மூடியிருந்தது. மூடியிருந்தது என்றால் இறுக்கி, நெற்றி சுருங்க. சத்தம் கேட்ட பிறகுதான் திறக்கிறாள். ஒவ்வொரு ஃப்ரேமாக எண்ணினேன். எழுபத்திரண்டு. நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம். மூன்று நொடிக்குக் கொஞ்சம் குறைவு.

அப்படியென்றால் அப்பா நிஜமாகப் போனது கிட்டத்தட்ட ஐம்பத்தைந்து. அத்தையின் ஐம்பத்திநாலை அவர் உடைக்கவே இல்லை. நான் முதல் தடவை ஓட்டிவிட்டு அழுதுகொண்டே படகை இழுத்தேனே, அன்றைக்கே இருவரையும் ஜெயித்திருக்கிறேன். ஐந்து வருஷமாக இல்லாத ஒரு நேரத்தைத் துரத்தியிருக்கிறேன்.

கையில் தொட்டில் கட்டோடு கருவடிக்குப்பத்தில் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை மில் டைம் ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். ஒரு நிமிஷம் தாமதமாக வந்த தன் புருஷனுக்கே லேட் மார்க் போட்டவள். மாமா அதை இன்னும் எல்லாரிடமும் சொல்வார். அப்படிப்பட்டவள் காதால் அமுக்கினாள் என்றால் நம்ப முடியவில்லை. செல்போனில் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

“அப்போ ஒல்லியாத்தான் இருந்திருக்கேன்” என்றாள்.

“அத்தே.”

“தெரியும்டி. அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

அத்தை கீரையைத் தள்ளி வைத்தாள். “அதுக்கு முன்னாடி வருஷம் அவன் கவுந்தான், நெனப்பிருக்கா? உனக்கு எங்க, வூட்டுல சொல்லவே இல்லியே. படகு மேல, இவன் கீழ. வெளிய எடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி வந்துது. அடுத்த வருஷம் மறுபடி ஏறிட்டான். நான் பாத்தா கவுந்துடுவான், பாக்காம இருந்தா கவுற மாட்டான்னு தோணிச்சு. கண்ணு தானா மூடிக்கிச்சு. டண்ணுன்னதும் முழிச்சேன், அமுக்கினேன்.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?”

“இன்னான்னு சொல்ல? டேய் தம்பி, நான் கண்ண மூடிக்கிட்டேன், என் ரெக்கார்ட எங்கிட்டயே திருப்பிக் குடுன்னா? க்ரோனோ என் கையில இருந்துது. நான் சொன்னது நின்னது. அதுக்குள்ள அவன் ஜாங்கிரிக்கு ஓடிட்டான்.” கீரையை மறுபடி இழுத்துக்கொண்டாள். “நீ சொல்லணும்னா சொல்லு. சொன்னா உன் பேரு பலகையில ஏறும். ஓட்டாமயே ஏறும்.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை என்னைக் குத்திவிட்டது. அத்தைக்கு எங்கே குத்தவேண்டும் என்று தெரியும். நான் சொல்லவில்லை. பலகையில் ஐம்பத்திரண்டு என்று இருக்கிறது. அதை ஓட்டித்தான் கழற்ற வேண்டும்.

கடைசி ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறரை மணி. கடல் தட்டையாகக் கிடந்தது. கம்பெனி நண்பன் ஒருவனிடம், டெஸ்ட் வண்டியில் பொருத்துகிற, குறித்த இடத்தைத் தாண்டும் நேரத்தைத் தானே பதியும் கருவியைக் கடன் வாங்கி இருக்கைக்கு அடியில் ஒட்டியிருந்தேன், யாருக்கும் சொல்லாமல். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், தோளுக்கு மேல் பஞ்சுத் திண்டு. அப்பா படகைத் தள்ளிவிட வந்தார். வழக்கமாக ஏதாவது வம்பு பேசுவார். அன்றைக்கு என் லைஃப் ஜாக்கெட் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

“என்னாப்பா, ராஜா பேசலியா?”

“அலே” என்றார். தாத்தா காலத்திலிருந்து கிளம்பச் சொல்வதற்கு எங்கள் வீட்டில் அந்த வார்த்தைதான். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தென்முனைக்கு நடந்தார். பக்கத்தில் அத்தை.

அந்த ஒரு கிலோமீட்டரைப் பற்றி எழுத அதிகமில்லை. படகு வேகமெடுத்ததும் தண்ணீர், தண்ணீராக இருக்காது. கருங்கல் ஜல்லி மாதிரி அடியில் தட்டும். வடக்கு மூங்கில்கள் ஒன்றானது தெரிந்தது. நடுவில் ஒரு இடத்தில் தட்டலும் நின்று, படகு எதையுமே தொடாமல் போவது போல இருந்தது. தோள் வலிக்கவில்லை. நான் பாடிக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது, தொண்டை கட்டியிருந்தது.

கரைக்கு வந்தேன். அப்பா தண்ணீரில் இறங்கி நிற்கவில்லை. மூங்கில் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். க்ரோனோவை என் பக்கம் நீட்டினார்.

நாற்பத்தொன்பது, இரண்டு கோடு.

“ஜெயிச்சிட்டே” என்றார். “போ, ஜாங்கிரி வாங்கியா. நெறைய வாங்கு.”

அத்தை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. படகில் போய், இருக்கைக்கு அடியிலிருந்த கருவியைப் பார்த்தேன். எங்கள் கணக்கில் ஐம்பத்திரண்டு, ஒன்றரைக் கோடு.

மூன்று நொடிக்குக் கொஞ்சம் குறைவு. புரிந்தது. அப்பாவும் காதால் அமுக்கியிருக்கிறார்.

அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு வகையில் அது நியாயம்தான் என்று எனக்கு நானே கணக்குப் போட்டேன். அப்பாவின் ஐம்பத்திரண்டும் காதால் வந்தது, என் நாற்பத்தொன்பதும் காதால் வந்தது. காதுக்குக் காது நான் ஜெயித்தேன், கண்ணுக்குக் கண்ணும் நான்தான். யாருக்கும் நஷ்டமில்லை. அதோடு, நாற்பத்தொன்பது என்று நாலு பேர் சொல்லக் கேட்பது நன்றாகவும் இருந்தது. தெருவில் ஜாங்கிரி கொடுத்தேன். அப்பா பலகையில் என் பெயரை எழுதினார். 9 கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தது தப்பு. விமலா ஓட்ட ஆரம்பித்தாள்.

இப்போது ரெக்கார்டு என்னுடையது, க்ரோனோ என் கையில். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன், ஒவ்வொரு தடவையும் புடவையைப் பார்த்துத்தான் அமுக்கினேன். எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு மாதம் அவள் எஞ்சினைக் கழற்றி மாட்டி, சோறு குறைத்து, எனக்கு நடந்தது அத்தனையும் அவளுக்கு நடந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் போனது ஐம்பத்திரண்டு, முழுசாக. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “தோத்துட்டே, இன்னும் ரெண்டரை நொடி” என்று கத்தினேன். அப்பா மாதிரியே. அவள் படகை இழுத்துக்கொண்டு போனாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அப்பா ஒரு எஞ்சினுக்குள் கையை விட்டிருந்தார். அத்தை டீயோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன், டேப்பிலிருந்து. அப்பா கையை வெளியே எடுக்கவே இல்லை.

“அந்தப் பென் டிரைவ டிவியில சொருவியே வச்சிட்டுத் தூங்குனே. நானும் பாத்தேன்” என்றார்.

“பாத்தியா? அப்புறம் ஏம்ப்பா சொல்லல?”

“அக்கா எனக்குக் காதால அமுக்கியிருக்கா. உனக்குக் கண்ணால அமுக்குனா அது போங்கு. அதான் நானும் சத்தத்துக்கு அமுக்குனேன். வேணும்னேதான்.”

“பொய்யி” என்றாள் அத்தை, டீயை ஆற்றிக்கொண்டே. “கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, அம்மா தாயே, இந்த ஒரு தபா கரை சேத்துடுன்னு மொனவிக்கிட்டு நின்னான். நான் பக்கத்துலதான இருந்தேன்.”

“நீ மட்டும் இன்னா யோக்கியம்?”

“நான் மூடினேன்னு ஒத்துக்கிட்டேன். நீ வேணும்னேங்கறே.”

இருவரும் இப்படியே கால் மணி நேரம். நடுவில் அப்பா எழுந்து, துணியில் கையைத் துடைத்து, தகரப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினார். தின்னர் ஊற்றி முதலில் தன் பெயரைத் துடைத்தார், ஐம்பத்திரண்டைத் துடைத்தார். “புடிச்சவங்கதான் மாத்தக் கூடாது, ஜெயிச்சவன் விட்டுக் குடுக்கலாம். ஏய் அக்கா, உன் அம்பத்திநாலு திரும்பி வந்துடுச்சு, எடுத்துக்கோ” என்றார். அத்தை டம்ளரை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். என் நாற்பத்தொன்பதை நானே துடைத்தேன். ஐம்பத்திரண்டு, ஒன்றரைக் கோடு என்று எழுதினேன். எங்கள் வீட்டில் நேராக நின்ற முதல் எண் அதுதான்.

அது பலகையில் முதலிடத்தில் இருந்தது ஒரு நிமிஷம்கூட இல்லை.

விமலா, கணக்குப் போட்டிருப்பாய். அன்றைக்கு நீ போனது ஐம்பத்திரண்டு, முழுசாக. நீ தோற்கவில்லை. ஒன்றரைக் கோட்டில் ஜெயித்தாய். நான் தண்ணீரில் நின்று கத்தியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் பெயருக்கு மேலே உன் பெயரை அப்பா எழுதிவிட்டார், பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கிறது. ஜாங்கிரி என் செலவு.

உன் சாட்டிலைட் கருவியையும் ஒட்டிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் க்ரோனோ மியூசியத்துக்குப் போகாது. இந்த மலரோடு ஒரு பொட்டலத்தில் அது உனக்கு வருகிறது, சாவி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வருகிற ஞாயிறு நீதான் பிடிக்க வேண்டும். ஏனென்றால் உன் மாமா, என் அப்பா, தன் பழைய எஞ்சினைப் பரணிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். ஐம்பத்தைந்து வயதில், அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்காமல், இந்தத் தடவை கண்ணால் ஒரு ரெக்கார்டு வேண்டுமாம்.

தென்முனையில் நில். சிவப்பு விழுகிற வரைக்கும் கண்ணைத் திறந்து வை.